ரேஸ் டிராக்கில் ஒரு நாள்: ஆசைச் செலவா, தண்டச் செலவா?

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பாலவாக்கத்துக்காரர்களுக்கு அலாரம் தேவைப்படுவதில்லை. திருவான்மியூர் பக்கமிருந்து மாமல்லபுரம் நோக்கி ஈ.சி.ஆரில் சீறிப் போகும் பெரிய பைக்குகளே எழுப்பிவிடும். பால் பாக்கெட் எடுக்க வாசலுக்கு வருகிறவர்கள், ‘யார் பெத்த பிள்ளையோ, பத்திரமா வீடு போய்ச் சேரணும்’ என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போவார்கள். அந்தப் பிள்ளை நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம் என்ற பயம் அந்த முணுமுணுப்புக்குள்ளேயே இருக்கும்.

இந்தப் பகுதியில் வழக்கமாக ஸ்கூல் ஃபீஸ், கல்யாண மண்டபம், மாடுலர் கிச்சன் என்று வீட்டுச் செலவுகளைத்தான் அலசுவோம். இந்த வாரம் கொஞ்சம் வித்தியாசமான செலவு. நம் பிள்ளைகள் சமீபகாலமாகக் கேட்க ஆரம்பித்திருக்கும் ‘ட்ராக் டே’. அதாவது, சொந்த பைக்கையோ காரையோ நிஜமான ரேஸ் தடத்துக்குக் கொண்டுபோய், பணம் கட்டி, ஒரு நாள் முழுக்க ஆசை தீர ஓட்டிவிட்டு வருவது. பந்தயம் இல்லை, பரிசு இல்லை, கோப்பை இல்லை. ஓட்டுகிற அனுபவம் மட்டும்தான்.

எங்கள் அடுக்குமாடியில் இருக்கும் ஒரு அக்கா என்னிடம் கேட்டார்: “இருங்காட்டுக்கோட்டையில ஒரு நாள் பைக் ஓட்டறதுக்கு முப்பத்தொன்பதாயிரமாம்மா! அந்தக் காசுக்கு ஒண்ணரை மாச வீட்டுச் செலவை முடிச்சிடுவேன். நீதான் கணக்கெல்லாம் எழுதறியே, இது நியாயமான செலவான்னு சொல்லு.” பையனுக்கு 27 வயது. பெருங்குடியில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. பைக்குக்கு இன்னும் இ.எம்.ஐ. ஓடிக்கொண்டிருக்கிறது.

‘வேண்டாம்’ என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் கணக்கைப் போடாமல் சொல்லும் ‘வேண்டாம்’ எந்தப் பிள்ளையின் காதிலும் ஏறாது. அதனால் போட்டுப் பார்த்தோம்.

ரேஸ் நம் ஊருக்குப் புதிதல்ல

முதலில் ஒரு விஷயம். இது ஏதோ வெளிநாட்டிலிருந்து நேற்று வந்து இறங்கிய பழக்கம் என்று பெரியவர்கள் நினைக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போடப்பட்ட சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் பார்க்கக் கட்டுச்சோறோடு போன தாத்தாக்கள் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் இன்னமும் இருக்கிறார்கள். அந்தப் பந்தயங்களை நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கப்பட்டது. அதே கிளப் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் அமைத்த தடம் 1990-ல் திறக்கப்பட்டது. சுமார் 3.7 கிலோமீட்டர் நீளம், 12 வளைவுகள். இப்போது அதன் பெயர் மெட்ராஸ் இண்டர்நேஷனல் சர்க்யூட்.

ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன், 2005-ல். இரண்டாமவர் நம் சென்னையின் கருண் சந்தோக், 2010-ல். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி இரவு நேரத் தெருப் பந்தயமே நடந்தது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தபோது, ரேஸ் என்றால் என்னவென்று தெரியாத வீடுகளில்கூட டி.வி. முன்னால் கைதட்டல் கேட்டது.

எனவே, பிள்ளைகளுக்கு ஆசை வந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆசைக்கு என்ன விலை என்பதுதான் கேள்வி.

பையன் போட்ட கணக்கு

அந்தத் தம்பி ஒளிவுமறைவு இல்லாமல் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான். நுழைவுக் கட்டணம் 12,000. லெதர் சூட் ஒரு நாள் வாடகை 3,000. பூட்ஸும் கிளவுஸும் வாங்க 15,000. பிரேக் பேட், பிரேக் ஆயில், சர்வீஸ் 5,000. பெட்ரோலும், பைக்கை வேனில் ஏற்றிப் போகும் செலவும் 3,000. சாப்பாடு, தண்ணீர் 1,000. மொத்தம் 39,000 ரூபாய்.

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் கட்டணம் மாறும். வெறுமனே தடத்தைத் திறந்துவிடும் நாள் ஒரு விலை, பயிற்சியாளரோடு நடத்தும் வகுப்பு அதைவிடப் பல மடங்கு விலை. பைக்குக்கு ஒன்று, காருக்கு ஒன்று. ஆனால் செலவு எந்தெந்தத் தலைப்பில் வரும் என்பது எல்லோருக்கும் ஏறக்குறைய இதேதான்.

சரி, இந்தப் பணத்துக்கு எவ்வளவு ஓட்டக் கிடைக்கும்? காலையிலிருந்து மாலை வரை நிறுத்தாமல் சுற்றலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அனுபவத்தைப் பொறுத்து ஆட்களைக் குழுவாகப் பிரிப்பார்கள். ஒரு குழு தடத்தில் இருக்கும்போது மற்றவர்கள் வெளியே காத்திருக்க வேண்டும். ஒரு முறைக்கு 20 நிமிடம் என்று ஐந்து முறை கிடைத்தால் மொத்தம் 100 நிமிடம். புதிதாக ஓட்டுகிறவர் ஒரு சுற்றுக்கு இரண்டரை நிமிடம் எடுத்துக்கொண்டால், ஒரு முறைக்கு எட்டுச் சுற்று. ஐந்து முறையும் சேர்த்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர். 39,000 ரூபாயை 150-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 260 ரூபாய்!

“ஆட்டோக்காரர்கூட இவ்வளவு கேக்கறதில்லையே!” என்றார் அக்கா. பையனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

தாளில் வராத செலவு

சிரிப்பு அடங்கியதும் அடுத்த பகுதிக்கு வந்தோம். அவன் எழுதாமல் விட்டது டயர். சாலையில் பல ஆயிரம் கிலோமீட்டர் உழைக்கும் டயர், தடத்தில் இரண்டு மூன்று நாளிலேயே கணிசமாகத் தேய்ந்துவிடும். வளைவில் வண்டியைச் சாய்க்கும்போதும், வேகத்திலிருந்து சட்டென்று பிரேக் பிடிக்கும்போதும் முழு பாரத்தையும் தாங்குவது உள்ளங்கை அகல ரப்பர்தான். நல்ல பிடிப்புள்ள டயர் ஒரு ஜோடி மாற்றினால், நுழைவுக் கட்டணத்தைவிட அதிகமாகிவிடும்.

பிரேக் சமாச்சாரம் இன்னும் முக்கியம். வேகம் இரண்டு மடங்கானால் வண்டியின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். 60-ல் போகும் வண்டியை நிறுத்துவதைப்போல 120-ல் போவதை நிறுத்த நான்கு பங்கு வெப்பத்தை பிரேக் விழுங்கியாக வேண்டும். அதுவும் ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு சுற்றிலும் பல தடவை. பிரேக் ஆயில் காலப்போக்கில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ‘டாட் 4’ வகை ஆயில், புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 வரை இறங்கலாம். ஆயில் கொதித்துக் குமிழி வந்தால் லீவர் மெத்தென்று அமுங்கும், வண்டி நிற்காது. ஆகவே, போவதற்கு முன் ஆயில் மாற்றும் சில நூறு ரூபாயில் கஞ்சத்தனம் கூடாது. கார் கொண்டுபோகிறவர்களுக்கும் இதே கதைதான், எடை கூடுதல் என்பதால் செலவும் கூடுதல்.

அதற்கு மேல் ஒரு விழுக்காடு. தடத்தில் லேசாகச் சறுக்கி விழுந்தால்கூட ஹேண்டில்பார், லீவர், ஃபுட்ரெஸ்ட், பக்கவாட்டு ஃபேரிங் என்று வரிசையாகப் போகும். சர்வீஸ் சென்டர் பில் வந்த பிறகு 39,000 சின்னத் தொகையாகத் தெரியும்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே?

“அதான் ஃபுல் இன்ஷூரன்ஸ் இருக்கேம்மா” என்று பையன் சொன்னான். பெரும்பாலான குடும்பங்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்.

உங்கள் வீட்டு வண்டியின் பாலிசியை எடுத்துப் பாருங்கள். எந்தெந்தப் பயன்பாட்டுக்குப் பாதுகாப்பு கிடையாது என்று சான்றிதழில் ஒரு பத்தி இருக்கும். வாடகைக்கு ஓட்டுவது, பொருள் ஏற்றுவது என்பவற்றோடு, ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை போன்றவையும் அந்தப் பட்டியலில் இருக்கும். ‘ட்ராக் டே பந்தயம் இல்லையே’ என்று நாம் வாதிடலாம். ஆனால் அந்த வாதத்தை வண்டி நொறுங்கிய பிறகு செய்வதில் பயனில்லை. போவதற்கு முன்பே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மெயில் அனுப்பி, ‘கவர் உண்டா, இல்லையா’ என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் வரவில்லை என்றால், இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக் கம்பெனியின் வாரண்டியும் பொதுவாகப் பந்தயப் பயன்பாட்டில் வரும் சேதத்தை ஏற்பதில்லை.

மருத்துவ இன்ஷூரன்ஸ் விஷயம் கொஞ்சம் வேறு. எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக வரையறுக்கப்பட்ட விலக்குப் பட்டியலில், மோட்டார் ரேஸ் போன்ற ஆபத்தான விளையாட்டுகளில் ‘தொழில்முறையாக’ ஈடுபட்டு வரும் காயங்களுக்குத்தான் விலக்கு. பொழுதுபோக்காகப் போகிறவருக்கு அந்த ஒரு வார்த்தை உதவலாம். தனிநபர் விபத்துப் பாலிசிகளில் விதி இன்னும் கடுமையாக இருக்கும். அதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஆபீஸில் கொடுத்திருக்கும் குரூப் பாலிசியை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் என்று உலகப் புகழ்பெற்ற தடம் இருக்கிறது. அதன் வடக்குச் சுற்று மட்டும் 20.8 கிலோமீட்டர். சுங்கச்சாவடியில் கட்டுவதுபோல ஒரு சுற்றுக்குச் சுமார் 30 யூரோ கட்டிவிட்டு யார் வேண்டுமானாலும் சொந்தக் காரில் போகலாம். கேட்க மலிவாக இருக்கிறது அல்லவா? ஆனால் ஓரத் தடுப்பில் மோதினால், தடுப்பைச் சரிசெய்யும் செலவும் மோதியவர் தலையில்தான். எந்த ஊரானாலும் நுழைவுச் சீட்டின் விலை வேறு, உண்மையான விலை வேறு.

அப்படியானால் எந்தக் கணக்கை வைத்து முடிவெடுப்பது? நான் அந்தத் தம்பியிடம் கேட்டது ஒன்றே ஒன்று. “பைக் அங்கேயே நொறுங்கிப் போச்சுன்னு வெச்சுக்கோ. உனக்கு அடி இல்லை. அதை அங்கேயே விட்டுட்டு, பூந்தமல்லி பஸ் பிடிச்சு வீட்டுக்கு வந்து, மறுநாள் வேலைக்குப் போய், மிச்ச இ.எம்.ஐ.யையும் கட்டிட்டு நிம்மதியா இருக்க முடியுமா?”

யோசித்தான். “முடியாது ஆன்ட்டி” என்றான்.

முப்பத்தொன்பதாயிரம் அவனால் முடிந்த தொகை. போகிற வண்டியின் விலைதான் முடியாத தொகை. கடனில் இருக்கும் வண்டியை ரேஸ் தடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம். இந்தக் கேள்விக்கு ‘முடியும்’ என்று தயங்காமல் சொல்லக்கூடியவர் என்றால், மேலே படியுங்கள். அவருக்கு இது தண்டச் செலவு என்று நான் சொல்ல மாட்டேன்.

காசுக்கு என்ன கிடைக்கிறது?

எதிரே வண்டி வராத சாலை. குறுக்கே நாய் ஓடாது, ஷேர் ஆட்டோ திடீரென்று நிற்காது, மணல் கொட்டியிருக்காது. ஒவ்வொரு வளைவிலும் கொடி வைத்துக்கொண்டு மார்ஷல் நிற்பார். ஆம்புலன்ஸ் தயாராக இருக்கும். கிளம்புவதற்கு முன் ஹெல்மெட், உடை, வண்டி எல்லாவற்றையும் சோதிப்பார்கள். மஞ்சள் கொடி என்றால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது, மெதுவாகத் திரும்பி வர வேண்டும். நீலம் என்றால் பின்னால் வேகமாக ஒருவர் வருகிறார். கறுப்புக் கொடி உங்களுக்குக் காட்டப்பட்டால், உடனே உள்ளே வந்து விளக்கம் சொல்ல வேண்டும். பத்து வருடம் ஓட்டியும் ஒரு சிக்னலை மதிக்காதவர்கள்கூட அங்கே கொடியை மதிப்பார்கள். மதிக்காவிட்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

இரண்டாவது, பிரேக் பிடிக்கக் கற்றுக்கொள்வது. நம்மில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரு தடவைகூட வண்டியின் முழு பிரேக்கைப் பயன்படுத்திப் பார்த்ததில்லை. முதன்முதலாகப் பயன்படுத்துவது விபத்து நேரத்தில்தான். ஏ.பி.எஸ். வேலை செய்யும்போது லீவர் படபடவென்று அதிர்வதைப் பார்த்துப் பயந்து பிடியைத் தளர்த்திவிடுகிறவர்கள் உண்டு. அதைப் பாதுகாப்பான இடத்தில், பயிற்சியாளர் முன்னிலையில் பத்து முறை செய்து பார்ப்பது பெரிய பாடம்.

மூன்றாவது, பார்வை. 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் போகும். ஆபத்தைக் கண்டு பிரேக்கில் விரல் வைக்க ஒன்றரை விநாடி ஆனாலே 33 மீட்டர் கடந்துவிடும். அதன் பிறகுதான் வேகம் குறையவே ஆரம்பிக்கும். முன்சக்கரத்தைப் பார்க்காமல் வளைவின் முடிவைப் பார்த்து ஓட்டும் பழக்கத்தைத்தான் எல்லாப் பயிற்சிப் பள்ளிகளும் முதலில் சொல்லிக் கொடுக்கும். இருங்காட்டுக்கோட்டையில் வகுப்பு நடத்தியிருக்கும் கலிபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் போன்ற பள்ளிகளில், பாடங்களையே படிப்படியாக நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். நரேன் கார்த்திகேயனும் தானாகச் சுற்றிச் சுற்றிக் கற்றுக்கொண்டவர் அல்ல. 1992-லேயே பிரான்ஸுக்குப் போய் ரேஸ் பள்ளியில் படித்தவர்.

அதனால் செலவு செய்வது என்று முடிவானால், பயிற்சியாளர் இல்லாத நான்கு நாள்களைவிடப் பயிற்சியாளரோடு ஒரு நாள் மேல். முதல் வகையில் நம் தப்புகளையே வேகமாகச் செய்யப் பழகுவோம். இரண்டாவதில் தப்பை எடுத்துச் சொல்ல ஆள் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை

‘டிராக்கில் ஓட்டினால் ரோட்டில் ஒழுங்காக ஓட்டுவான்’ என்று பலர் சொல்கிறார்கள். பாதிதான் உண்மை. நார்வேயில் 1980-களில், புதிய ஓட்டுநர்களுக்கு வழுக்குச் சாலையில் வண்டியைக் கட்டுப்படுத்தும் பயிற்சியைக் கட்டாயமாக்கிப் பார்த்தார்கள். இளைஞர்களிடையே விபத்து குறைவதற்குப் பதிலாகக் கூடியது தெரியவந்தது. காரணம், திறமையைவிட வேகமாக வளர்ந்துவிட்ட தன்னம்பிக்கை. ‘எனக்குத் தெரியும்’ என்ற எண்ணம் ஏறியவன் இன்னும் கொஞ்சம் அழுத்தித்தான் ஓட்டுவான்.

தடமும் முழுப் பாதுகாப்பான இடமல்ல. 2023-ல் இருங்காட்டுக்கோட்டையிலேயே ஜனவரியில் கார் பந்தயத்தில் 59 வயது அனுபவசாலி ஒருவரும், ஆகஸ்டில் பைக் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவனும் உயிரிழந்தார்கள். அவை போட்டிகள், ட்ராக் டே அல்ல என்பது உண்மை. ஆனாலும் அங்கே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் பொறுப்புத் துறப்புப் படிவம் வெறும் சம்பிரதாயம் அல்ல. வீட்டில் ஒருவராவது அதை முழுவதும் படித்திருக்க வேண்டும்.

ஈ.சி.ஆர். இலவசமா?

இந்தப் பேச்சில் பையன் ஒரு நல்ல கேள்வி கேட்டான். “டிராக்குக்குப் போகாதேன்னா சரி. ஆனா சண்டே ரைடு போறதுக்கு யாரும் எதுவும் கேக்கறதில்லையே?”

அக்காவுக்குச் சட்டென்று முகம் மாறியது. ஞாயிறு விடிகாலையில் அவர் முணுமுணுப்பது தன் பிள்ளைக்காகவும்தான் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

உண்மைதான். தடத்துக்கு 39,000 என்று கணக்குப் போடுகிறோம், ஈ.சி.ஆருக்கு ஒரு டேங்க் பெட்ரோல் என்று நினைத்துக்கொள்கிறோம். மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவின்படி, அனுமதியில்லாமல் பொது இடத்தில் ரேஸ் ஓட்டினாலோ வேகச் சோதனை செய்தாலோ 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடியும் பிடிபட்டால் ஒரு வருடம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் அபராதம் இதில் சின்ன விஷயம். பாலவாக்கத்தில் ஈ.சி.ஆரைக் கடந்து கடற்கரைக்கு நடக்கப் போகும் தாத்தா, சைக்கிளில் பேப்பர் போடும் பையன், விடிகாலையில் மீன் எடுக்கப் போகும் அம்மா, இவர்கள் யாரும் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடவில்லை. தடத்தில் தப்பு செய்தால் நம் வண்டி, நம் எலும்பு. சாலையில் தப்பு செய்தால் விலை கொடுப்பது வேறு யாரோ.

அக்கா கேட்டார்: “ஒரு நாள் அங்க போய் ஆசை தீர ஓட்டிட்டு வந்தா, ஞாயித்துக்கிழமை இங்க பறக்கறதை நிறுத்துவியாடா?”

அவன் உடனே பதில் சொல்லவில்லை. நான் அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டேன். சட்டென்று ‘சரிம்மா’ என்றிருந்தால்தான் நம்பியிருக்க மாட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, “மாமல்லபுரம் போறது நிறுத்த மாட்டேன்மா. ரேஸ் பண்ணிக்கிட்டுப் போறதை நிறுத்தறேன்” என்றான்.

கடைசியில் அவர்கள் வீட்டில் எடுத்த முடிவு இது. இ.எம்.ஐ. முடியும் வரை சொந்த பைக் தடத்துக்குப் போகாது. அதுவரை மாதாமாதம் ஒரு தொகை தனியாகப் போடுவான். வண்டியையும் அவர்களே கொடுக்கும் பயிற்சி வகுப்பில் ஒரு முறை சேருவான், வண்டிக்குச் சேதமானால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டு. பூட்ஸும் கிளவுஸும் மட்டும் இப்போதே வாங்கலாம் என்று அக்காவே சொன்னார். “அது ரோட்டுலயும் உதவும்ல!”

நீங்கள் முடிவெடுக்க

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கோரிக்கை வந்தால், கோபப்படுவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்.

வீட்டில் ஆறு மாதச் செலவுக்கான அவசர நிதி இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் அதுதான்.

கொண்டுபோகும் வண்டி கடனில்லாததா? அது முழுதாகப் போனாலும் குடும்பம் தள்ளாடாமல் இருக்குமா?

பயிற்சியாளர் உண்டா? ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? எத்தனை நிமிடம் தடத்தில் கிடைக்கும்? மழை பெய்து பாதியில் நின்றால் பணம் திரும்பக் கிடைக்குமா? ஆம்புலன்ஸும் டாக்டரும் தடத்திலேயே இருப்பார்களா? கேட்டால் தயங்காமல் பதில் சொல்கிறவர்களிடம் மட்டும் பணம் கட்டுங்கள்.

வருடத்துக்கு எத்தனை முறை? ஒரு முறை போவது அனுபவம். மாதம் ஒரு முறை என்றால், அது இன்னொரு இ.எம்.ஐ. ‘போன தடவையைவிட இரண்டு விநாடி குறைக்கணும்’ என்ற எண்ணம் வந்துவிட்டால், செலவுக்கு எல்லை இருக்காது. அடுத்து எக்ஸாஸ்ட், அதற்கடுத்து சஸ்பென்ஷன், அப்புறம் வேறு வண்டி. அந்த இடத்தில் கணக்குப் புத்தகத்தை மறுபடி திறக்க வேண்டும்.

ஆசை நிஜமா, நண்பர்களைப் பார்த்து வந்ததா என்று தெரியவில்லையா? கோ-கார்ட்டில் ஆரம்பியுங்கள். ஈ.சி.ஆர். ஓரத்திலேயே கார்ட் ஓட்டும் இடங்கள் உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் இண்டர்நேஷனல் கார்ட்டிங் அரீனா என்று பெரிய தடமே வந்திருக்கிறது. வண்டி அவர்களுடையது, டயர் அவர்களுடையது, ஹெல்மெட்டும் கிடைக்கும். உலகின் பெரிய ஃபார்முலா ஒன் வீரர்களில் மிகப் பெரும்பாலோர் கார்ட்டில் ஆரம்பித்தவர்கள்தான். அப்பா, அம்மா, தங்கை என்று குடும்பமாகவே ஓட்டிப் பார்க்கலாம். பெண் பிள்ளை கேட்டால் மட்டும் ‘உனக்கெதுக்கு’ என்று தட்டிக் கழிக்காதீர்கள். பைக், கார் இரண்டிலும் பந்தயம் ஓட்டிய அலிஷா அப்துல்லா நம் சென்னைப் பெண்தான்.

மோட்டார் பந்தயம் என்றாலே பணக்காரர் விளையாட்டு என்ற நிலையை மாற்ற முயன்றவரும் நம் ஊர்க்காரர்தான். கோவையின் கரிவரதன், மாருதி 800 எஞ்சினை வைத்து, குறைந்த செலவில் ஒற்றை இருக்கை ரேஸ் கார்களை உருவாக்கினார். அந்த ‘ஃபார்முலா மாருதி’ வண்டிகளில்தான் எத்தனையோ இளைஞர்கள் பந்தயம் பழகினார்கள். 1995-ல் விமான விபத்தில் அவர் மறைந்தார். கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் ரேஸ் தடம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. குறைந்த செலவில் ஆரம்பிப்பது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு அவர் கதையைச் சொல்லுங்கள்.

போவதென்று முடிவானால், கடைசியாகச் சில சின்ன விஷயங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் லெதர் சூட்டுக்குள் உடம்பு வெந்துவிடும். மோரும் இளநீரும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் கூடவே இருக்கட்டும். முந்தின இரவு நன்றாகத் தூங்க வேண்டும். களைப்பாக இருந்தால் கடைசி ஓட்டத்தை விட்டுவிடலாம், கட்டின காசு போகிறதே என்று இறங்க வேண்டாம். முக்கியமாக, வீடு திரும்பும்போது வண்டியை வேறு யாராவது ஓட்டட்டும். நாள் முழுக்க நூறுக்கு மேல் ஓட்டிப் பழகிய கண்ணுக்கு, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் எண்பது என்பது நிற்பது மாதிரித் தெரியும்.

அடுத்த வாரம் இன்னொரு வீட்டின் கணக்கோடு சந்திப்போம்.